தெருவுக்கு மோட்டார் வந்த விதம்

மழை நின்று வெயில்கூட அடிக்க ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்தான் போவேனா என்று உட்கார்ந்திருந்தது. ஆற்றங்கரை உடைந்து ஊருக்குள் புகுந்த தண்ணீர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போயிருந்தால் அதற்கும் மரியாதை, நமக்கும் மரியாதை. அது சலவைக்கடைத் தெருவில் இடுப்பளவுக்கு நின்று, கறுத்து, நாறி, கொசுக்களுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டது. அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். செய்தது. வானொலியில் வருத்தம் தெரிவித்தது. பிறகு தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தது. வருத்தத்துக்குக் குறைச்சலே இல்லை. தண்ணீரை இறைக்க ஒரு மோட்டார் கேட்டால்தான் கையை விரித்தது.

தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அக்கா தங்கை இரண்டு பேரால்தான். கீழே சலவைக்கடை, மேலே வீடு. ஊருக்கெல்லாம் அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. பெரியக்கா முன்னால் மேசையில் உட்கார்ந்து துணி வாங்குவாள். வாங்கும்போதே கறையைப் பார்த்துக் கொடுத்தவரின் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவாள். அந்த வாய்க்குப் பயந்தே பலர் சட்டையைக் கொஞ்சம் வீட்டில் அலசிவிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக்காவுக்கு வாய் கிடையாது. அவளுக்கு எல்லாம் கால்தான். பின்கட்டில் சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கிக் கம்பளிகளை மிதிப்பது அவள் வேலை. இயந்திரத்தில் போட்டால் கம்பளி சுருங்கும், காலால் மிதித்தால்தான் அழுக்கு விடும் என்பது அந்தக் கடையின் பிடிவாதம். வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து, நுரைக்கு அடியில் கிடப்பது சட்டைப் பொத்தானா, காதுத் தோடா, மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலா என்று அவள் குனியாமலே சொல்லிவிடுவாள். கட்டைவிரலாலும் பக்கத்து விரலாலும் அதைக் கவ்வித் தூக்கி, முழங்காலை மடக்கிப் பின்பக்கமாகக் கையில் வாங்கி, இடுப்பில் கட்டியிருக்கும் கிளிப் பைக்குள் போட்டுவிடுவாள். துணி காயப்போடுகிற கிளிப்புகளுக்கான பை அது. குளிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

பெரியக்கா இப்போது மாடி அறையில் மல்லாந்து கிடந்தாள். தண்ணீர் புகுந்த அன்று, கடையில் இருந்த வாடிக்கைக்காரர் துணிகளை இரண்டு பேருமாக மூட்டை மூட்டையாக மாடிக்கு ஏற்றினார்கள். கடைசி மூட்டையோடு ஏறும்போது ஈரப்படியில் கால் வழுக்கி, பெரியக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஊரான் போர்வையைக் காப்பாத்தப் போய் என் இடுப்பைக் குடுத்துட்டேன்டி," என்று அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று முனகல் வந்தது. முனகலுக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது.

மருந்துக்கடைக்காரர் தண்ணீரில் நடந்துவந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இடுப்பை அலுங்க விடாதீங்க. ஸ்ட்ரெச்சர்ல நேரா படுக்க வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். சீக்கிரம் போகணும் சின்னக்கா. இந்தக் காய்ச்சல் எனக்குப் பிடிக்கல. இப்படியே விட்டா கால் மட்டும் இல்ல, ஆளே தங்க மாட்டாங்க."

சொல்வது சுலபம். எதிர்வீட்டுச் சைக்கிள்கடைக்காரரும் இன்னும் சிலரும் கட்டிலோடு தூக்கிப் பார்த்தார்கள். கடை வாசலைத் தாண்டியதும், மூடி அடித்துக்கொண்டு போயிருந்த சாக்கடைக் குழியில் சைக்கிள்கடைக்காரர் கழுத்துவரை இறங்கிவிட்டார். கட்டில் சாய்ந்தது. பெரியக்கா போட்ட அலறலில் தெருவே உறைந்தது. திரும்ப மாடிக்கே ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ்காரன், "தெருமுனை வரைக்கும்தான் வண்டி வரும், தண்ணிக்குள்ள வராது," என்றான். தீயணைப்பு நிலையத்தில் படகு கேட்டால், படகு ரிப்பேர். வட்ட அதிகாரியிடம் சின்னக்கா போய் மோட்டாரும் சாக்கடைக் குழிக்கு ஒரு மூடியும் கேட்டால், அவர் தண்ணீர் இல்லாத மேட்டுச்சாலையில் ஜீப்பைவிட்டு இறங்காமல் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கிப் பதில் சொன்னார்.

"மோட்டாரெல்லாம் வெளியூர்லேர்ந்து வரணும்மா. மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

"எப்ப சார் வரும்?"

"மேலிடம்தான் சொல்லணும்."

"மேலிடத்துக்கு யார் சார் சொல்லணும்?"

கண்ணாடி ஏறிவிட்டது. சின்னக்கா அந்தக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியக்கா, "போய்ச் சேர்ந்துட்டா அதுக்கும் மேலிடத்துல அனுமதி வாங்கணுமா, கேட்டியா?" என்றாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தாலும் வாய் மட்டும் குளிர்ந்தபாடில்லை. சின்னக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் நெற்றியில் கை வைத்தால் சூடு, காலில் வைத்தால் சில்லென்று இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், ரிப்பேரான படகு வருகிறது.

சும்மா வரவில்லை. புதுசாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தது. நடுவில் மெத்தை வைத்த நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டையில் அமைச்சர். பின்னால் குடை பிடிக்க ஒருவர், வெயிலுக்கு விசிற ஒருவர், படம் பிடிக்க ஒருவர். அமைச்சரின் உதவியாளர் கையில் ஒலிபெருக்கியோடு முன்னால் நின்றார். எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர் என்பதால் ஊரில் அவருக்குத் தலையாட்டி என்றே பெயர். கடைசியில், நாற்காலிக்கு இடம் விட்டது போக மிச்சமிருந்த மூலையில், வட்ட அதிகாரி ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு தீயணைப்பு வீரர்கள் பாவம், இடுப்பளவு தண்ணீரில் நடந்து அந்த ஊர்வலத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அமைச்சர் ஒன்றும் அந்தத் தெருவுக்குப் புதியவர் இல்லை. பதவி வருவதற்கு முன்னால் இந்தக் கடையில்தான் சட்டை வெளுக்கப் போடுவார். "மேல பார்த்தா பால் வெள்ளை, காலரைத் திருப்பினா கன்னங்கரேல்," என்று பெரியக்கா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பதவி வந்ததும் அவர் சட்டைகள் பெரிய இடத்துக்குப் போய்விட்டன. கூடவே அவருடைய சொந்தப் பற்களும் போய்விட்டன. வெளிநாட்டில் செய்துகொண்ட வரிசையான பல்செட் ஒன்று வந்து வாயில் உட்கார்ந்தது. சுவரொட்டிகளில் அவர் சிரிக்கிற சிரிப்பெல்லாம் அந்தப் பல்செட்டின் சிரிப்புத்தான்.

சின்னக்கா மாடியிலிருந்து தடதடவென்று இறங்கித் தண்ணீருக்குள் நடந்தாள். கடை வாசலுக்கு நேராகப் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எங்க அக்கா இடுப்பு உடைஞ்சு மாடியில கிடக்கிறா. காய்ச்சல் வேற. இந்தப் படகுல தெருமுனை வரைக்கும் விட்டுட்டீங்கன்னா போதும். ஆம்புலன்ஸ் அங்க வந்துடும்."

அமைச்சர் தலையாட்டியைப் பார்த்தார். தலையாட்டி, ஒரு மாறுதலுக்கு, இல்லை என்று தலையாட்டினார். "ஐயா பார்வையிட்டு முடிக்கட்டும்மா. இன்னும் எத்தனையோ தெரு இருக்கு. சாயங்காலம் பெரிய தலைவர் வர்றார். ஐயா அவர் முன்னாடி நிலவரத்தைப் பேசணும், டிவியில நேரா காட்டப்போறாங்க. கையை எடும்மா, படகு ஆடுது."

"போற வழிதானே சார்? ஒரு நாற்காலியை எடுத்துட்டா ஆளைப் படுக்க வச்சிடலாம்."

"எந்த நாற்காலியை?" என்று வட்ட அதிகாரி பதறினார். படகில் இருந்ததே ஒரு நாற்காலிதான்.

அமைச்சர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு எழுந்து நின்று, அவள் தலைக்கு மேலாகத் தெருவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மாடிகளிலும் மொட்டைமாடிகளிலும் ஜனங்கள் நின்றார்கள்.

"என் அன்பான மக்களே! உங்கள் துயரத்தைக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை..."

மாடி ஜன்னலிலிருந்து பெரியக்காவின் குரல் கேட்டது. ஆளைப் பார்க்க முடியாது, படுத்த படுக்கை. குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"சோறு இறங்காமலா தொப்பை படகுக்கு வெளியில தொங்குது?"

தெரு கொல்லென்று சிரித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தத் தெரு சிரித்தது. தள்ளிக்கொண்டு வந்த தீயணைப்பு வீரர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அமைச்சரின் காது சிவந்தது.

"இது இயற்கையின் சீற்றம்! மழைக்கு நான் உத்தரவு போட முடியுமா? எல்லாத்துக்கும் அரசாங்கத்தையே குறை சொன்னா எப்படி? நாலு நாள் தண்ணியில நின்னா என்ன, கரைஞ்சா போயிடுவீங்க? கொஞ்சம் பொறுத்துக்கணும்!"

"கரையை உயர்த்துறேன்னு அடிக்கல் நட்டியே, அந்தக் கல்லாவது அங்க இருக்கா, இல்ல அதையும் வித்துட்டியா?" என்றது ஜன்னல். "நீ இறங்கி ஒரு நிமிஷம் நில்லு பார்ப்போம். கரையுறது நாங்களா, உன் பவுடரான்னு தெரியும்!"

இப்போது தெரு சிரிக்கவில்லை. ஓவென்று கத்தியது. "இறங்குய்யா! இறங்கி நில்லுய்யா!" என்று மொட்டைமாடிகள் கூவின. யாரோ ஓட்டைச் செருப்பு ஒன்றை வீசினார்கள். அது தலையாட்டியின் தோளில் பட்டது. அதற்கும் அவர் தலையாட்டினார்.

அமைச்சருக்கு நிதானம் போயிற்று. ஒலிபெருக்கியைத் தாழ்த்திவிட்டு, ஜன்னலை நோக்கிக் கழுத்து நரம்பு புடைக்க, "யாருடி அவ?" என்று கத்தினார்.

கேள்வியோடு பல்செட்டும் வெளியே வந்தது. மேல்வரிசை முழுசாக. வெயிலில் ஒருமுறை பளிச்சென்று மின்னி, படகு விளிம்பில் பட்டு, ப்ளக் என்று தண்ணீருக்குள் போனது.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அமைச்சரின் மேலுதடு உள்ளே மடிந்து, முகம் சட்டென்று குறுகி, சுவரொட்டியில் பார்த்த ஆளே காணாமல் போய்விட்டார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு மெத்தை நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அவர் என்ன சொல்கிறார் என்பது தலையாட்டிக்கே புரியவில்லை. புரியாமலே ஆட்டினார்.

சின்னக்கா விளிம்பைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய வலது காலின் மேல் ஏதோ மெல்ல வந்து இறங்கி, வழுக்கி, விரல்களுக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தது. அவள் பாதம் தானாகவே அதன் மேல் ஏறியது. வளைவு. வழவழப்பு. வரிசையாகப் பொடிப்பொடி முகடுகள். தொட்டியில் எத்தனையோ சாமான்களை மிதித்தவள், இதை மட்டும் இதுவரைக்கும் மிதித்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முதலில் தோன்றியது எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான். கொடுத்தால் அந்த நன்றிக்காவது படகு கிடைக்காதா என்று நினைத்தாள். நல்ல மனசு, அதனால்தான் கால் வலிக்கக் கம்பளி மிதிக்கிறாள். "ஐயா..." என்று வாயைத் திறந்தாள்.

"தள்ளிப் போம்மா சனியனே! உங்களாலதான் எல்லாம்!" என்றார் தலையாட்டி. அவளைத் தள்ளிவிட்டு, கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அலறினார். "மோட்டாரை அனுப்பு! எல்லாத்தையும் அனுப்பு! ஆமா, சலவைக்கடைத் தெரு. மேலிடமா? நான்தான்யா மேலிடம்! இந்தத் தெருவுல சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள ஐயா வாயில பல்லு இருக்கணும்!"

சின்னக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். காலை எடுக்கவில்லை.

அடேயப்பா, வந்தது பாருங்கள் மோட்டார்! வெளியூரிலிருந்து வரவேண்டிய மோட்டார்கள், மேலிடத்துக்கு எழுதிப் போட்ட மோட்டார்கள், ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் லாரியில் வந்து வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றும் ஆள் உயரம். தடித்த குழாய்களை ஆற்றங்கரை மேட்டுக்கு அந்தப் பக்கம்வரை இழுத்துப் போட்டார்கள். உறிஞ்சுகிற வாயில் பல்செட்டும் போய்விடக் கூடாதே என்று வலை கட்டினார்கள். கொசுவலை. அதே கொசுவலையைக் கேட்டுத்தான் பின்தெருக்காரர்கள் வட்ட அதிகாரியின் ஆஃபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றார்கள், இருப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மோட்டார்கள் உறுமத் தொடங்கின. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தெருவே வேடிக்கை பார்த்தது.

படகை மேட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் அமைச்சரைக் காருக்குள் ஏற்றிக் கண்ணாடியை மூடிவிட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் வரிசையாகக் குனிந்து கையால் தடவிக்கொண்டே வந்தார்கள்.

"ஏம்மா, நீ ஏன் அங்கேயே நட்டுக்கிட்டு நிக்கிற?" என்றார் வட்ட அதிகாரி.

"பக்கத்துல சாக்கடைக் குழி திறந்து கிடக்குது சார். நகர்ந்தா உள்ள போயிடுவேன். அன்னைக்கே உங்ககிட்ட மூடி கேட்டேனே."

குழி என்றதும் அதிகாரி இரண்டடி பின்னால் போனார். தடவிக்கொண்டு வந்தவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இடுப்பில் இருந்த தண்ணீர் தொடைக்கு வந்தது. இத்தனை நாளாய்க் கண்ணில் படாத தன் வீட்டுப் படியின் விளிம்பு தெரிந்தபோது சின்னக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு படி, அக்காவுக்குக் கொஞ்சம் உயிர். இன்னொரு படி, இன்னும் கொஞ்சம். "இறங்கு, இறங்கு" என்று அவள் வாய்க்குள் தண்ணீரோடு பேசிக்கொண்டே இருந்தாள். பாதம் மரத்துப்போயிற்று. விடவில்லை.

முழங்காலுக்குக் கீழே தண்ணீர் போனதும் இனி நிற்க முடியாது என்று தெரிந்தது. விரல்களால் கவ்வினாள். கடை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, காலில் முள் குத்தியவளைப் போல முழங்காலைப் பின்னால் மடக்கினாள். கை போயிற்று, வந்தது. கிளிப்புகளோடு கிளிப்பாகப் பைக்குள் விழுந்தது அமைச்சரின் சிரிப்பு.

எதிர்வீட்டு மாடியிலிருந்து சைக்கிள்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அந்த மடக்கலை அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்! அவருடைய சட்டைப் பையிலிருந்து விழுந்த சைக்கிள் சக்கரத்துச் சின்ன இரும்புக் குண்டுகளையெல்லாம் அப்படித்தானே அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் கண் விரிந்தது. சின்னக்கா அவரை நிமிர்ந்து பார்த்து உதட்டை இறுக மூடிக் காட்டினாள். அவரும் மூடிக்கொண்டார்.

தெருவில் வெறும் சேறுதான் மிச்சம் என்றானபோது சைக்கிள்கடைக்காரர் போன் பண்ணி அழைத்த ஆம்புலன்ஸ் முனைக்கு வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் இறங்கினார்கள். சின்னக்கா மாடியைப் பார்த்து, "அக்கா, வண்டி வந்துடுச்சு!" என்று கத்தினாள்.

வட்ட அதிகாரி குறுக்கே கயிறு கட்டிவிட்டார்.

"யாரும் உள்ள வரக் கூடாது. வண்டியும் வரக் கூடாது, ஆளும் வரக் கூடாது. சேத்துக்குள்ள பல்லு கிடக்குது. டயர்ல மாட்டுனா தூளாயிடும். கால் பட்டாலும் அழுந்திடும். தேடி முடிக்கிற வரைக்கும் அவங்கவங்க வீட்டுக்குள்ள இருங்க."

"சார், உயிர் சார்! எங்க அக்கா உயிர்!"

"அது அமைச்சர் பல்லும்மா!"

இதைச் சொன்னபோது அந்த மனிதரின் முகத்தில் ஒரு வெட்கம் இருக்க வேண்டுமே, கொஞ்சம் கூச்சமாவது இருக்க வேண்டுமே. கிடையாது. காலையில் பல் துலக்கினேன் என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். மாடியில் பெரியக்கா முனகுவது கீழே கேட்டது. வாய்ச்சண்டை போட்டவளின் குரல் இல்லை அது. தேய்ந்துபோய், சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

சின்னக்காவின் கை கிளிப் பைக்குள் போயிற்று. போய்த் தொலையட்டும், மூஞ்சியில் விட்டெறிந்துவிடலாம், அக்கா பிழைத்தால் போதும் என்று விரல்கள் அதைப் பிடித்தும்விட்டன.

அந்த நேரம் பார்த்துத் தலையாட்டி மோட்டார்க்காரரிடம் சொன்னார். "பல்லு கிடைச்ச நிமிஷமே எல்லாத்தையும் கழட்டி லாரியில ஏத்திடு. ஐயா பங்களாத் தோட்டத்துல பாதித் தண்ணிதான் இறைச்சிருக்கு. ரோஜாச் செடியெல்லாம் அழுகிடும்."

ஓகோ. வெளியூர் என்பது அதுதானா. இத்தனை நாளும் இத்தனை மோட்டாரும் ரோஜாத் தோட்டத்திலிருந்து தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தனவா. சின்னக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. கம்பளியில் ஒட்டியிருக்கும் அசிங்கத்தைப் பார்த்தால் வருமே, அந்த அருவருப்புத்தான் வந்தது. பல் கிடைத்துவிட்டால் பின்தெருவுக்கு மோட்டார் ஏது? பைக்குள்ளிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தாள். எதிர்மாடியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

"தம்பி, தண்ணி இறங்குறப்ப எந்தப் பக்கமா ஓடிச்சு?"

சைக்கிள்கடைக்காரர் ஒரு நொடிதான் யோசித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு கத்தினார் பாருங்கள், நாடகத்தில் நடித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

"ஐயையோ! பின்தெருப் பக்கம்தான் அக்கா! வெள்ளையா ஒண்ணு மிதந்து போச்சு! சிப்பின்னுல்ல நினைச்சேன்! அது பல்லா?"

"நானும் பார்த்தேன்!" என்றது இன்னொரு மாடி. பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அந்தத் தெருவுக்கு அன்று மூளை ஒன்றாகத்தான் ஓடியது. "பின்தெரு முக்குல திரும்பிச்சு! சிரிச்சுக்கிட்டே போச்சு!"

"ஏன்யா முன்னாடியே சொல்லல?" என்று தலையாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "எடுங்கய்யா மோட்டாரை! பின்தெருவுக்கு எடுங்க! ஓடுங்க!"

கயிறு அவிழ்ந்தது. அதிகாரி ஓடினார், வீரர்கள் ஓடினார்கள், கொசுவலை கட்டிய குழாய்கள் சேற்றில் இழுபட்டுக்கொண்டு ஓடின. அமைச்சரின் கார்கூட வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனது. காலியான தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நிதானமாக வந்து கடை வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரில் அலுங்காமல் அக்காவை இறக்கினார்கள். சாக்கடைக் குழிக்குப் பக்கத்தில் சைக்கிள்கடைக்காரர் கையை விரித்துக்கொண்டு காவல் நின்றார். வழியெல்லாம் ஜனங்கள் சேற்றில் நின்று கைகொடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் கதவு மூடியதும் சின்னக்கா பையைத் திறந்து அக்காவின் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.

பெரியக்கா முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தால் கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். கூட வந்த ஆள் பயந்துபோய், "காய்ச்சல் தலைக்கேறிடுச்சா?" என்று கேட்டார்.

"வாயே இல்லாதவன்னு உன்னை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனேடி," என்றாள் பெரியக்கா. "இப்ப ஊருக்கே பேசுறவன் வாயை இடுப்புல கட்டிக்கிட்டு வர்றியே!" தங்கையின் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

டாக்டர் பார்த்தார், ஊசி போட்டார், படம் எடுத்தார். காலையில் ஆபரேஷன் என்றார். "இன்னைக்காவது கொண்டுவந்தீங்களே. இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்," என்றார். கையை விரிக்காத ஒரு மனிதரைச் சின்னக்கா அன்றுதான் பார்த்தாள். சுவரில் சாய்ந்து அழுது தீர்த்தாள்.

சாயங்காலம் வார்டு தொலைக்காட்சியில் பெரிய தலைவரின் கூட்டத்தைக் காட்டினார்கள். நம் அமைச்சர் மேடையில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் தலையாட்டி பேசினார். மக்கள் படுகிற துயரத்தை நேரில் கண்டதால் அமைச்சருக்குத் துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது, அதனால் பேச முடியாத நிலையில் இருக்கிறார் என்றார். பெரிய தலைவர் நெகிழ்ந்துபோய் அமைச்சரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். கைக்குட்டைக்குப் பின்னால் அமைச்சர் விம்மினார். கூட்டம் கைதட்டியது.

"தூ," என்றாள் பெரியக்கா. தூக்க ஊசி போடுவதற்கு முன்னால் அவள் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அடுத்த செய்தியில் மோட்டார்களைக் காட்டினார்கள். பின்தெரு காய்ந்துவிட்டதாம். அங்கே இருந்தவர்கள் அதற்கும் பின்னால் இருக்கும் தெருவுக்குக் கை காட்டிவிட்டார்களாம். செய்தியில் அப்படிச் சொல்லவில்லை, தெருத்தெருவாகப் போர்க்கால வேகத்தில் பணி நடக்கிறது என்றுதான் சொன்னார்கள். போன் பண்ணிச் சொன்னவர் சைக்கிள்கடைக்காரர். ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருவர் வெள்ளையாக ஒன்று மிதந்து போனதைப் பார்த்திருக்கிறார்.

வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துடைப்பத்தின் தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க பக்கம் எப்ப வருவாங்களோ," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "வாய்க்கால் ஓரம்மா நாங்க. ஊர்லயே பள்ளம். தண்ணி கூரை வரைக்கும் நிக்குது. பிள்ளைங்களைப் பள்ளிக்கூட மாடியில விட்டுட்டு வேலைக்கு வந்திருக்கேன். எங்க தெருவுக்கு எந்த அமைச்சர் வரப்போறான்?"

சின்னக்கா அக்காவைப் பார்த்தாள். அக்கா தூங்கிவிட்டாள். கிளிப் பையை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து ஆயாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இதை உங்க தெருவுல யார்கிட்டயாவது குடுத்து வைம்மா. மிதந்து உங்க பக்கம்தான் வந்துச்சுன்னு சொல்லச் சொல்லு. மோட்டார் தானா வரும்."

ஆயா துணியை விலக்கிப் பார்த்தாள். வாய் பிளந்து நின்றாள். தொலைக்காட்சியில் திரும்பவும் காட்டிய அந்தக் கைக்குட்டை முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"உடனே குடுத்துடாத," என்றாள் சின்னக்கா. "தரை காயட்டும். பிள்ளைங்க இறங்கி வீட்டுக்கு வரட்டும். அப்புறமா எடுத்துக் குடு. அலம்பிக் குடுக்க வேண்டாம், அப்படியே குடு."